கரை போடுபவனுக்கு ஓர் ஆள்

வீட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா முதலில் பெட்டியைத் திறந்து ஜெபாவின் கிறிஸ்துமஸ் சட்டையை எடுத்தாள். அவனுக்கு முகம் மழித்துவிட்டாள். பவுடர் போட்டாள். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரினாள்.

“பொண்ணு பாக்கவா வராங்க?” என்றேன்.

“பின்ன, புள்ளைய அழுக்கா காட்டச் சொல்றியா? நீ போய் வாசல்ல தண்ணி தெளி.”

ஜெபகுமார் என் அண்ணன். வயது இருபத்தேழு. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைவு. பேச்சு கிடையாது. யாராவது தூண்டாமல் எதையும் தொடங்க மாட்டான். தொடங்கினால் யாராவது நிறுத்தாமல் நிறுத்தவும் மாட்டான். அப்பா இருந்தவரை அவனைக் குளிப்பாட்டுவது, கழிவறைக்கு அழைத்துப் போவது எல்லாம் அப்பா. அப்பா போன பிறகு அம்மா. அம்மாவுக்கு இப்போது வலது தோள் மேலே எழவில்லை. வேதியியல் பட்டம் முடித்த நான் வீட்டிலேயே அண்ணனுடன் இருந்தேன்.

ஒரகடம் பக்கம் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்குள் ஜெபாவுக்கு ஓர் ஆள் வேண்டும். அரசுச் செலவில் பகல் முழுக்க வீட்டுக்கு வந்து, குளிக்கவும் சாப்பிடவும் பழக்கி, கூடவே இருக்கும் உதவியாளர் கிடைப்பார் என்று தெரிந்து விண்ணப்பித்திருந்தேன். ஆள் வந்தால் நான் வேலைக்குப் போகலாம். வராவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். மூன்றாவது வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் பெயர் ஸுஷ்மா. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே ஜெபாவைப் பார்த்துச் சிரித்தார்.

“நான்தான் மதிப்பீடு பண்ண வந்திருக்கேன். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை. ஜெபகுமார் தினமும் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும்.”

தினமும் அவன் பவுடர் போடுவதில்லை.

எங்கள் வீட்டு முன்னறை முழுக்கத் தறிதான். காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படி. நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்யும்போதே இரண்டையும் கோக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். நெய்பவர், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் உடம்பு நாடாவை ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவைப் போடுவார். எங்கள் தறியில் கரை போடுவது ஜெபா. அம்மா மிதித்து, நாடாவை ஓட்டி, “ம்” என்பாள். அவன் போடுவான். மறுபடியும் “ம்”. போடுவான். அப்பா காலத்திலும் அதே “ம்”தான். அவன் கை தவறி நான் பார்த்ததில்லை.

அம்மா மேடத்தை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நேராகத் தறிக் குழிக்குள் இறங்கினாள். ஜெபா பக்கத்தில் உட்கார்ந்தான். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. நாடாக்கள் ஓடின. ஸுஷ்மா மேடம் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

அழைக்காமலே பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். “எங்க ஜெபா உக்காந்தான்னா மெஷினு தோத்துப்பூடும் மேடம். எங்கூட்டுக்காரரும்தான் இருக்குறாரு. அரைமணி நேரம் போட்டா டீக்கடைக்கு நாலு வாட்டி போவாரு. இவன் நகர மாட்டான்.”

“அப்படியா? ரொம்ப அழகா பண்றாரே” என்றார் மேடம். பிறகு அம்மாவைக் கேட்டார். “தானா சாப்பிடுவாராம்மா?”

“தட்டுல வெச்சா ஒரு பருக்க மிச்சம் வெக்க மாட்டான்.”

“குளியல்?”

“தெனம் ரெண்டு வேள. பாருங்களேன், எவ்ளோ சுத்தமா இருக்குறான்.”

“வெளில எங்கயாவது தனியா போயிடுவாரோ?”

“எங்கம்மா போறான், தங்கம். வாசப்படி தாண்ட மாட்டான்.”

அம்மா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன்.

“இந்தப் பொண்ணு பேசும்னு பாக்காதீங்க மேடம்” என்றாள் தில்லையம்மாள். “பேரு மட்டுந்தான் திரிஷா. வீட்ல இருக்குதா இல்லியான்னே தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பத்து நாள் கழித்து என் போனுக்குச் செய்தி வந்தது. கைத்தறித் தொழிலில் திறன் பெற்றவர், வீட்டு உதவிச் சேவை தற்போது தேவைப்படவில்லை, ஆட்சேபம் இருந்தால் நேரில் வரலாம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“முதல்ல இன்னா போட்டுக்குது? இன்னொரு வாட்டி படி.”

“கைத்தறித் தொழிலில் திறன் பெற்றவர்.”

“ஆங்.” அம்மாவின் முகம் மலர்ந்தது. ஜெபாவின் கன்னத்தைத் தட்டினாள். “கவுருமெண்டே சொல்லிட்டுதுடா. அப்புறம்?”

“ஆள் கிடையாதாம்.”

“ஏன்?”

“திறன் இருக்குதுன்னுதான்.”

அம்மாவுக்குப் புரியவில்லை. நாடாவைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். “நல்லா செய்றவனுக்குத்தானே குடுப்பாங்க? சொசைட்டிலேர்ந்து ஆள் வந்தா நாம இன்னா பண்றோம்? நெய்ஞ்சதுலயே நல்ல எடத்த விரிச்சிக் காட்டுறோம். கெட்டுப்போன எடத்த மடிச்சி வெக்கிறோம். பாவு குடுக்குறவன் நெய்யத் தெரிஞ்சவனுக்குத்தான் குடுப்பான். நான் சரியாத்தான காட்டுனேன்?”

அப்போதுதான் கிறிஸ்துமஸ் சட்டை எதற்கு என்று எனக்கு விளங்கியது. அம்மா அதிகாரிக்குப் பயந்துகொண்டு ஜெபாவை அலங்கரிக்கவில்லை. அடுத்த புடவைக்கான பாவு நூலைச் சொசைட்டியிடம் கேட்கும் நெசவாளி என்ன செய்வாளோ அதைத்தான் செய்திருக்கிறாள். அறுந்த இழையைக் காட்டிப் பாவு கேட்டவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

“அம்மா, இவங்க பாவு குடுக்க வரல. எங்க அறுந்துக்குதுன்னு பாக்க வராங்க.”

“அப்ப என் புள்ளைய ஒண்ணுக்கும் ஆவாதவன்னு காட்டணுமா?”

“அவன் ஆவாதவன்னு யாரு சொன்னது? அவன் பாதி. நீ பாதி. அவங்க ரெண்டையும் சேத்துப் பாத்துட்டு அவன் பேர்ல எழுதிட்டாங்க.”

“போடி. படிச்சிட்டா பாதி, கால்னு கணக்கு சொல்லுவ” என்று அம்மா திரும்பிக்கொண்டாள். “ம்” என்றாள். ஜெபா கரை போட்டான்.

கல்லூரி ஆய்வகத்தில் முதல் வருடமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பொருள் சேர்ந்து ஒன்று நடக்கிறது என்றால், எது நடத்துகிறது என்று அறிய ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இருபத்தேழு வருடமாக யாரும் எதையும் எடுத்துப் பார்த்ததில்லை. ஜெபாவைச் சுற்றி எப்போதும் யாரோ ஒருவர் இருந்தார். அதனால் அவன் எதற்கு எவ்வளவு ஆளை நம்பி இருக்கிறான் என்பது எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஆனால் எனக்குச் சரியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வரும். மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன்.

முன்மேசையில் இருந்தவர் பெயர்ப்பலகையில் பஞ்சாட்சரம் என்று இருந்தது. நான் சொன்னேன். அவர் காதில் கையைக் குவித்தார்.

“சத்தமா சொல்லும்மா.”

மறுபடியும் சொன்னேன்.

“இந்த ஃபேன் கடகடன்னு அடிச்சிக்கினு இருக்குது. ஒண்ணும் கேக்கல. எதுவா இருந்தாலும் எழுதிக் குடுத்துட்டுப் போ.”

என்னால் அதைவிடச் சத்தமாகப் பேச முடியாது. சுவரோரம் போய் ஃபேன் சுவிட்சை நிறுத்தினேன். திரும்பி வந்து அதே குரலில் சொன்னேன். “என் அண்ணனுக்கு மதிப்பீடு தப்பா வந்திருக்குது சார். திரும்பப் பாக்கணும்.”

அவர் சுற்றுவதை நிறுத்திக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏம்மா, மே மாசத்துல…” என்று தொடங்கினார். உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஸுஷ்மா மேடம் வாசலுக்கு வந்திருந்தார்.

“உள்ள வாம்மா. பஞ்சாட்சரம் சார், ஃபேனைப் போட்டுக்கோங்கோ. இனிமே நான் கேட்டுக்கறேன்.”

உள்ளே உட்கார்ந்தோம். அவருக்கு ஜெபாவை நன்றாக நினைவிருந்தது. “நான் நேர்ல பார்த்தேனே. அவ்வளவு நுணுக்கமா நெய்யறாரே.”

“அவன் நெய்யல மேடம். கரை போடுறான். அம்மா சொன்னா போடுவான். சொல்லலன்னா போட மாட்டான்.”

“கொஞ்ச நேரம் காத்திருப்பார், அவ்வளவுதானே?”

“கொஞ்ச நேரம் இல்ல. யாராவது வர்ற வரைக்கும்.”

அவர் பேனாவை வைத்தார். “நான் இதே ஊர்ல பொறந்தவ. கோர்வைப் புடவை நாலு இருக்கு. தறில ரெண்டு பேர் உட்காருவான்னு தெரியும். அதை இப்படி யோசிக்கலை.” பிறகு கேட்டார். “நான் மறுபடி வந்தா என்ன பார்க்கணும்னு சொல்றே?”

“அதே தறி. அதே நேரம். எல்லாம் முன்ன மாதிரியே இருக்கட்டும். அம்மா மட்டும் எழுந்துடணும்.”

“அம்மா ஒத்துப்பாளா?”

“கேட்டுப் பாக்கணும்” என்றேன்.

“நான் கண்டிப்பா வரேன். ஆனா அம்மா சம்மதம் இல்லாம அவர் வீட்லயே அவரை வெச்சுச் சோதனை பண்ண மாட்டேன். அவர் யாருக்கும் காட்சிப்பொருள் இல்லை. பேசிட்டுச் சொல்லு.”

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் பேசினேன். அம்மா கேட்டுக்கொண்டே, நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றினாள். நான் முடித்ததும், “வரட்டும்” என்றாள். எழுந்திருப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் மேடத்துக்கு அதை அப்படியே போனில் சொன்னேன். “சரி, வந்து உட்காரலாம், மத்தது அம்மா இஷ்டம்” என்றார்.

வியாழக்கிழமை வந்தார். ஜெபா அன்று வீட்டில் போடும் சட்டையில் இருந்தான். பவுடர் இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

தில்லையம்மாளும் வந்துவிட்டாள். “திரும்பவுமா? நம்ம ஜெபாவுக்கு அவார்டு கிவார்டு குடுக்கப் போறாங்களா?”

“வாய மூடிக்கினு உக்காரு, தில்ல” என்றாள் அம்மா. தில்லையம்மாள் மூடிக்கொண்டாள். அம்மா அவளிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அம்மா தறியில் இறங்கினாள். நாடா ஓடியது. “ம்.” “ம்.” புடவை கொஞ்சம் வளர்ந்தது. பட்டு இழை பறக்கும் என்று முன்னறையில் ஃபேன் போடுவதில்லை. மேடம் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். அம்மா எழுந்திருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா உடம்பு நாடாவைத் துணிமேல் வைத்தாள். கையூன்றி மெதுவாகக் குழியிலிருந்து ஏறினாள். என்னைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள்.

ஜெபா கரை நாடாவைக் கையில் பிடித்தபடி இருந்தான். கை அரைவாசி எழுந்திருந்தது. அடுத்த “ம்” வர வேண்டும். வரவில்லை.

தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். ஜெபா திரும்பவில்லை. அவன் முழங்கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. உதடு காய்ந்திருந்தது. மேடம் மெதுவாக, “ஜெபகுமார், தண்ணி குடிக்கறீங்களா?” என்றார். அவன் தறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கூரையில் தறிக்கு நேர்மேலே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. நெய்ய வெளிச்சம் வேண்டும் என்று அப்பா பதித்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அதன் வழியாக இறங்கும் வெயில் ஜெபா உட்காரும் இடத்துக்கு வரும். முதலில் தோளில் விழுந்தது. பிறகு கழுத்தில். பிறகு கன்னத்தில். வெயில் அவன் கண்ணுக்கு வந்தது. அவன் இமைகளை இறுக்கிக்கொண்டான். இமையோரம் நீர் வழிந்தது. கை அப்படியே இருந்தது. ஓர் அங்குலம் நகர்ந்தால் நிழல். அவன் நகரவில்லை.

தினமும் இந்த நேரத்துக்கு அம்மா அவனை இடப்பக்கம் தள்ளி உட்கார வைப்பாள், அல்லது நான் போகிற போக்கில் ஒரு துண்டை மேலே கட்டுவேன். அது ஒரு வேலை என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

மேடம் எழுந்துவிட்டார். தன் துப்பட்டாவை எடுத்து ஓட்டுக்கும் அவனுக்கும் நடுவில் பிடித்தார். அந்த நொடியில் அம்மாவும் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள். சொம்பை எடுத்து அவன் வாயில் வைத்தாள். அவன் நிறுத்தாமல் குடித்தான்.

“பாத்துட்டீங்களா?” என்றாள் அம்மா. குரல் உடையவில்லை. சண்டைக்கு நிற்பதுபோல் இருந்தது. “இப்ப எழுதுங்க. ஆனா ஒண்ணு. மொத தடவ எழுதுனத அடிக்கக் கூடாது. அவனுக்குத் தெறமை இருக்குது. அது உண்ம.”

மேடம் இன்னும் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். “அடிக்க மாட்டேம்மா. அதுக்குக் கீழ இதையும் சேர்த்து எழுதறேன். திறமை இருக்கு, பக்கத்துல ஓர் ஆள் இருந்தா. ரெண்டும் உண்மைதான்.”

அம்மா யோசித்தாள். “அது சரி” என்றாள்.

தில்லையம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “இத்தினி வருசமா பக்கத்து ஊட்லயே இருக்கறேன். எனக்கே இது தெரியாது, கலை” என்றாள், அம்மாவைப் பெயர் சொல்லி.

“உனக்கு எங்க தெரியும்? நீதான் எப்பவும் பேசிக்கினே இருக்கியே” என்றாள் அம்மா.

மேடம் போகும்போது கேள்விகளை மறுபடி கேட்டார். இந்த முறை என்னிடம். யார் தட்டில் வைப்பது, யார் தண்ணீர் ஊற்றுவது, யார் வாசலைப் பார்த்துக்கொள்வது. நான் சொன்னேன். அவர் ஒருமுறைகூட, சத்தமாகச் சொல் என்று கேட்கவில்லை.

ஆணை வந்தது. உதவியாளராக வந்தவன் அஜித். தாமலிலிருந்து பைக்கில் வருவான். பயிற்சி முடித்து இதுதான் அவனுக்கு முதல் வீடு. என்னைவிடச் சின்னவன் போலிருந்தான். முதல் நாள் காலை ஜெபாவைக் குளியலறைக்கு அழைத்துப் போனான். கதவுக்கு வெளியே நானும் அம்மாவும் நின்றோம்.

“ஜெபாண்ணே, இந்தாங்க, மக்கு. நீங்களே மொண்டு ஊத்துங்க பாக்கலாம்.” சத்தம் இல்லை. “அண்ணே, ஊத்துங்கண்ணே. ஜில்லுனு இருக்கும்.” சத்தம் இல்லை. “அக்கா, அண்ணன் மக்கப் புடிச்சிக்கினு நிக்கிறாரு. நான் ஊத்திடவா?”

இதுவரை நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். அவன் நின்றான், நாங்கள் ஊற்றினோம். தறியில் மட்டும் சொன்னோம். வேறெங்கும் சொல்லிப் பார்க்கவே இல்லை.

“ஊத்தாத” என்றேன். “‘ம்’னு சொல்லிப் பாரு.”

“என்னாது?”

“வெறும் ‘ம்’.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அஜித் சந்தேகத்தோடு, “ம்” என்றான்.

ஒன்றும் இல்லை.

“அப்டி இல்லப்பா. இழுக்காத” என்றாள் அம்மா. “சுருக்கா, அழுத்திச் சொல்லு. நாடா வந்து நின்னதும் சொல்ற மாதிரி.”

“ம்!”

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தாள். “ம்!” மறுபடியும் தண்ணீர். என் அண்ணன் தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டான். அஜித் உற்சாகமாகிவிட்டான். “ம்! ம்! சூப்பர்ண்ணே! ம்!”

கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் மோதும் சத்தம் மட்டும் வந்தது.

“அக்கா, பக்கெட்டு காலி. அண்ணன் வெறும் மக்க ஊத்திக்கினே இருக்காரு. நிறுத்தறதுக்கு இன்னா சொல்லணும்?”

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தறியில் நிறுத்த வேண்டும் என்றால் அம்மா அவன் கையிலிருந்து நாடாவை வாங்கிக்கொள்வாள். அதற்குச் சொல் எதுவும் இல்லை.

“அது இன்னும் கண்டுபிடிக்கல” என்றேன். “இப்போதைக்கு மக்க வாங்கிக்கோ.”

“அத கண்டுபிடிக்கத்தான்டா உன்ன அனுப்பிக்குது கவுருமெண்டு” என்றாள் அம்மா. கதவுக்கு உள்ளே அஜித் சிரித்தான்.

இரண்டு வாரத்தில் மூவரும் பழகிவிட்டார்கள். வெயிலுக்கு முன்பே துண்டு கட்ட வேண்டும் என்று அஜித்துக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஸுஷ்மா மேடம் தன் குறிப்பிலேயே எழுதியனுப்பியிருந்தார்.

ஒன்றாம் தேதி காலை கம்பெனி பஸ் தெருமுனைக்கு வர வேண்டிய நேரம். பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அம்மா தறியில் இருந்தாள். பக்கத்தில் ஜெபா, குளித்து, ஈரத்தலையோடு. அஜித் ஸ்டூலில் ஏறிக் கண்ணாடி ஓட்டின் கீழே துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. சொம்பு கைக்குப் பக்கத்தில். மாத்திரை அலமாரியில். சரிபார்க்க எதுவும் இல்லை. நான் இன்னும் ஒருமுறை சரிபார்த்தேன்.

தெருமுனையில் ஹார்ன் கேட்டது.

அம்மா தலையைத் தூக்கவில்லை. “ம்” என்றாள்.

ஜெபா கரை போட்டான்.

அம்மா இப்போது திரும்பி என்னைப் பார்த்தாள். “உனக்குந்தான்டி சொன்னேன்.”

நான் படியிறங்கினேன்.